திறக்காமல் விட்ட மட்டி

இப்போது கடற்சேற்றை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒரு கரண்டி சேற்றைக் குழாயில் போட்டு இயந்திரத்துக்குள் விட்டால், அதிலிருந்த புழு, மட்டி, நண்டு எல்லாவற்றின் பெயரையும் அதுவே சொல்லிவிடுகிறதாம். போன மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கி அறையை மூடுவதற்காகக் கேக் வெட்டினார்கள். ஓய்வுபெற்றவன் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். லூயிஷாமிலிருந்து பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். தட்டிக்கழிக்க நல்ல சாட்டு ஒன்றும் கிடைக்கவில்லை.

இயந்திரத்தைக் காட்டிய பிள்ளை தமிழ்ப் பிள்ளைதான். ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டு, இடைக்கிடை மட்டும் 'அங்கிள்' போட்டாள். "அந்த உயிரினம் உயிரோடு இருந்ததா, செத்துக் கிடந்ததா என்று இது சொல்லுமா?" என்று கேட்டேன். அது மட்டும் சொல்லாது என்றாள். பிறகு, "அது அவ்வளவு முக்கியமா அங்கிள்?" என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். என் வாயில் கேக் இருந்தது. அதை விழுங்கிவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுகூடம் தென்கிழக்கு லண்டனில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள் இருந்தது. மேலே ரயில் போகும்போதெல்லாம் தட்டில் கிடக்கும் புழுக்கள் அசையும். அவை உயிரோடு அசைந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வடகடலிலும் ஸ்கொட்லாந்துக் கரைகளிலும் ஆய்வுப் படகுகள் போய், இரண்டு தாடை வைத்த இரும்பு வாளியைக் கடலடிக்கு இறக்கும். தாடை மூடிக்கொண்டு ஒரு வாய் சேற்றோடு மேலே வரும். படகிலேயே அதை அரித்து, மிஞ்சியதை ஃபோர்மலின் ஊற்றி அடைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். துறைமுகம் எங்கே தோண்டலாம், கேபிள் எங்கே புதைக்கலாம் என்று கேட்கிறவர்கள் லண்டனில் இருந்ததால் சேறும் லண்டனுக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துப் பாதியில் ஓடிவந்து, பெற்றோல் நிலையத்தில் சில வருடம் நின்று, பகுதிநேரமாகப் படித்து முடித்து அந்த வேலைக்குப் போனேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். சதையில் மட்டும் பிடிக்கும் ஒரு சிவப்புச் சாயத்தை முதலிலேயே ஊற்றியிருப்போம். மண்ணும் ஓடும் நிறம் மாறாமல் கிடக்க, சாகும்போது சதை இருந்ததெல்லாம் றோசா நிறத்தில் தெரியும். புழு துண்டு துண்டாக வந்தால் தலையை மட்டும் எண்ண வேண்டும். வால் எத்தனை கிடந்தாலும் கணக்கில் இல்லை.

அருவருப்பான வேலை என்றுதான் என் மனைவி கடைசிவரை நினைத்தாள். ஆனால் முதல் தடவை ஒரு கடலெலியைத் தட்டில் கண்ட நாளை நான் மறக்கவில்லை. பெயர்தான் எலி, சாதி புழு. அதன் விலாவில் இருந்த மயிர் ஃபோர்மலினுக்குள்ளும் பச்சையும் நீலமுமாக மின்னியது. வெயில் போகாத குளிர்ந்த சேற்றுக்குள் கிடக்கும் ஒரு புழுவுக்கு இந்த நிறம் எதற்கு என்று நாள் முழுக்க யோசித்தேன். அதன் தலையை எண்ணிக் குப்பியில் போட்டு மூடினேன். எங்கள் கண்டுபிடிப்பெல்லாம் அப்படித்தான். கண்டுபிடிக்கப்பட்டது எதுவும் தப்பியதில்லை.

எனக்கு மேலதிகாரி டங்கன். ஸ்கொட்லாந்தின் வட தீவு ஒன்றில் பிறந்தவர், நல்ல உயரமான நெடுவல். மண்ணிறக் கம்பளிச் சட்டையின் முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டிருப்பார். அவர் யாரையும் ஏசியதில்லை, புகழ்ந்ததும் இல்லை. நாங்கள் பார்த்து முடித்த தட்டுகளில் ஏதோ ஒன்றை, எதை என்று சொல்லாமல் எடுத்துப்போய்த் தானே திரும்பப் பார்ப்பார். தட்டுக்கு ஒரு கண்ணாடி மூடி உண்டு. எல்லாம் சரியென்றால் மூடியை நேராக வைத்துத் திருப்பித் தருவார். ஏதாவது தவறவிட்டிருந்தால் மூடி கவிழ்ந்திருக்கும். அவ்வளவுதான். என்ன தவறியது என்று நீயே தேடு. மனுசன் ரெண்டு வார்த்தை திட்டினால் நிம்மதியாக இருக்குமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவருடைய மூடி ஒருநாளும் கவிழாத தட்டு புவனாக்காவுடையது. புவனாக்கா எனக்கு மூத்தவ, பருத்தித்துறைப் பக்கம். கணவர் குலம் அண்ணையோடு ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தா. படிப்பு ஓ லெவலோடு நின்றுவிட்டது; கண்ணும் பொறுமையும்தான் முதல். வரும்போது ஒரே மகனைத் தாய் தகப்பனோடு விட்டுவிட்டு வந்தவ. விசா கிடைத்ததும் கூப்பிடுவதாகத்தான் எண்ணம். விசா கிடைக்கும்போது சண்டை இறுகிவிட்டது. கடைசியில் ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்த பஸ் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.

குலம் அண்ணை மகனுக்குச் செய்ய வேண்டிய கிரியையைச் செய்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு புவனாக்கா அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. மகன் எங்கேயோ இருக்கிறான் என்பதுதான் அவவுடைய முடிவு. ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டி, ஆறு நாளும் பின்னேரம் ஒரு கிளாஸ் பாலோடு இருப்பா. அந்த ஆறு நாளும் லீவு எடுத்து லூயிஷாம் கோவிலடியிலேயே கிடப்பா.

அந்த வருடம் லீவு கிடைக்கவில்லை. வடக்கே ஒரு குடாவில் துறைமுகத்துக்கு வாய்க்கால் தோண்டப் போகிறார்கள். சேறு அடைத்த வாளிகள் பிந்தி வந்து அறை முழுக்க அடுக்கிக் கிடந்தன. எங்கள் மேலிடம் ஒருவருக்கும் லீவு இல்லை என்றுவிட்டது. காப்பு நூல் கட்டிய கையோடு புவனாக்கா என் மேசைக்கு வந்தா.

"தம்பி, டங்கனிட்ட நீயே சொல்லு. விரதம் முடியிற மட்டும் நான் மச்சமாமிசத்தில கை வைக்கமாட்டன். வேலையை விட்டு நிப்பாட்டினாலும் சரி."

போய்ச் சொன்னேன். டங்கன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அவருக்கு யோசிக்க அவ்வளவு நேரம் போதும். "வெறும் ஓடு உயிரினம் இல்லை. அது ஒரு வீடு. ஆள் போன வீட்டைத் தொடலாமா என்று அவரைக் கேள்" என்றார்.

புவனாக்காவைக் கேட்டேன். "ஓடெண்டா ஓம்" என்றா.

அப்படித்தான் அந்தக் குடாவின் ஓடுகள் முழுக்க அவ கைக்குப் போயின. எங்கள் முறையில் வெறும் ஓடு கணக்கில் இல்லை. அதைப் பிரித்து ஒரு பையில் போட்டு ஒதுக்கிவிடுவோம். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து மூடியிருக்கும் மட்டியை, அது அரிசி மணி அளவு இருந்தாலும், ஊசியால் திறந்து பார்க்க வேண்டும். மூடியதற்குள் சாயம் சரியாகப் போகாது. வெளியே நின்று பார்த்தால் உயிரோடு வந்ததும் செத்து வந்ததும் ஒன்றுபோலவே இருக்கும். மூடியவற்றைப் புவனாக்கா ஒரு கிண்ணத்தில் போட வேண்டும், நான் திறக்க வேண்டும் என்று டங்கன் ஒழுங்கு செய்தார். ஓட்டுப் பைகளை அவர் திரும்பப் பார்ப்பதில்லை. புவனாக்காவின் கையில் அவ்வளவு நம்பிக்கை.

கிண்ணம் ஆறு நாளும் வெறுமையாகவே வந்தது. "எல்லாம் ஓடுதான் தம்பி" என்றா. வாளிகளில் வந்திருந்ததும் பெரும்பாலும் உடைந்த தடித்த ஓடுகள். கடல் கலங்கியிருந்ததால் படகின் கமராவில் சாம்பல் நிறம் தவிர ஒன்றும் விழவில்லை. குடாவின் அடியில் கிடப்பது பழைய, செத்த மட்டி ஓட்டுக் குவியல் என்று அறிக்கை போயிற்று. தோண்ட அனுமதியும் கிடைத்தது.

அடுத்த வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, குளிர்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் எங்கள் வாசலில் நின்றார். அந்தக் குடாவில் முத்துக்குளிக்கிற மாதிரி மூழ்கிச் சிப்பி எடுத்து விற்பவர். இரவு முழுக்க ரயிலில் வந்திருந்தார். பெட்டியைத் திறந்து டங்கனின் மேசையில் வைத்தார். உள்ளே கடற்பாசிக்கு மேல் உள்ளங்கை நீளத்தில் கருநீல மட்டிகள் கிடந்தன. இங்கே அவற்றுக்குக் குதிரை மட்டி என்று பெயர். டங்கன் ஒன்றை விரலால் தட்ட, அது மெல்ல வாயை இறுக்கிக்கொண்டது. அத்தனை வருட வேலையில், எங்கள் கடலிலிருந்து உயிரோடு வந்த ஒன்றை நான் கண்டது அன்றுதான்.

"இதைத்தான் செத்தது என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "நான் சின்ன வயதிலிருந்து அதற்கு மேல் நீந்துகிறேன். அதன் முதுகில் மென்பவளம் இருக்கிறது, நட்சத்திர மீன் இருக்கிறது, சிப்பி குஞ்சு பொரிக்கிறது. இந்தக் கிழமை தோண்டும் கப்பல் வருகிறது."

குதிரை மட்டி குளிர்ந்த கடலில் மெதுவாக வளரும் சாதி. மனிதரைப் போலப் பத்துப் பத்தாக வயது போகும். நூல் போன்ற ஒன்றால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, ஒரு தலைமுறையின் ஓட்டுக்கு மேல் அடுத்தது இருந்து, கடலடியில் ஒரு ஊரே கட்டிவிடும். அதன் குஞ்சுகள் நண்டுக்கும் நட்சத்திர மீனுக்கும் ஒளித்து அந்த நூலுக்குள்தான் வளரும். ஒரு முறை கிளறினால் திரும்ப வராது.

டங்கன் அவரைச் சமாளித்து அனுப்பப் பார்க்கவில்லை. சேறு எடுத்த ஆய்வுப் படகுக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார். என்ன நடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. கடலில் இறக்கும் வாளியின் தாடைக்குள் பெரிய மட்டி அகப்பட்டால் தாடை முழுக்க மூடாது. மூடாத வாளியை ஏற்கக்கூடாது, கடலிலேயே கொட்டிவிட்டுத் தள்ளிப்போய் இறக்க வேண்டும் என்பது முறை. முறைப்படி செய்திருக்கிறார்கள். உயிருள்ள இடமெல்லாம் திரும்பக் கடலுக்குள் போக, ஓரத்தில் கிடந்த செத்த ஓடு மட்டும் எங்களுக்கு வந்திருக்கிறது. இந்த மனிதரின் பெட்டியில் இருப்பதை ஒருவரும் சாட்சியாக எடுக்கமாட்டார்கள்; எங்கிருந்தும் கொண்டுவந்திருக்கலாம் என்பார்கள். எங்களிடம் இருந்த சேற்றுக்குள் உயிரோடு அகப்பட்ட மட்டிக் குஞ்சு இருந்தால் மட்டும், அறிக்கை பிழை என்று சொல்லிக் கப்பலை நிற்பாட்டக் கேட்கலாம்.

"ஓட்டுப் பைகளைக் கொண்டு வா" என்றார் டங்கன்.

முதல் பையைத் தட்டில் கொட்டியதுமே கண்டேன். உடைந்த ஓடுகளுக்கு நடுவே, பயற்றங்கொட்டை அளவிலும் அதிலும் சின்னதாகவும், இரு பக்கமும் இறுக மூடிய மட்டிக் குஞ்சுகள். ஒன்றிரண்டு அல்ல. புவனாக்காவின் கண்ணுக்கு இது தப்பாது. நான் திரும்பிப் பார்த்தபோது அவ எனக்குப் பின்னால்தான் நின்றா.

"அக்கா, இதுகள் மூடியெல்லே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப ஏன் கிண்ணத்தில போடேல்லை?"

"போட்டா நீ திறப்பாய்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு மனிதர் ராத்திரி முழுக்க ரயிலில் வந்து வாசலில் இருக்கிறார். கப்பல் அங்கே வந்துகொண்டிருக்கிறது. "திறக்கத்தானே அக்கா சம்பளம் தாறாங்கள்" என்று கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன்.

அவ கோபிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "விரத நாளில ஒவ்வொண்டாப் பாத்தன் தம்பி. திறந்தா ஒண்டில் சதை, ஒண்டில் சேறு. மூடியிருக்கிற மட்டும் உள்ளுக்க உயிர் இருக்கெண்டு வைச்சிருக்கலாம். எனக்கு அதுவே போதும், காணும் எண்டு இருந்துது. அதுக்குமேல அறிய எனக்கு ஏலேல்லை."

யாருடைய கதையைச் சொல்கிறா என்று எனக்குத் தெரியும். அவை உயிரோடு இருக்கட்டும் என்று அவ மூடி வைத்ததால்தான் அவை செத்தவை என்று அறிக்கை போனது. அதை அவவும் விளங்கிக்கொண்டா. முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

"ஊசியைத் தா" என்றா. "நான் மூடினதை நானே திறக்கிறன்."

அன்று பின்னேரம்வரை இருந்தோம். அவ திறப்பா, நான் பதிவேன். பொருந்தும் இடத்தில் ஊசியை வைத்து ஒரு சின்னத் திருப்பு. சிலவற்றுக்குள் கறுத்த சேறு. பலவற்றுக்குள் சதை இருந்தது. கொஞ்சமாக உள்ளே கசிந்திருந்த சாயம் அதை றோசா நிறமாக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்து, "இருக்கு" அல்லது "இல்லை" என்று மட்டும் சொன்னா. குரல் ஒருக்காலும் மாறவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நுண்ணோக்கியின் கண்வளையத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தா. வாசலில் இருந்த மனிதருக்கு யாரோ தேநீர் கொடுத்தார்கள். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

கடைசியில் தட்டில் ஒரு மட்டி மிஞ்சியது. புவனாக்கா ஊசியை வைத்துவிட்டு எழும்பினா. "இது ஏலாது தம்பி" என்றா. "இதை விட்டிடு."

நான் டங்கனைப் பார்த்தேன். ஒரு புழுத் தலை தவறினால் மூடியைக் கவிழ்க்கிற மனுசன். அவர் வந்து தட்டைத் தன் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து முழுதாகப் பார்த்தார். அந்த ஒன்றைக் கண்டார். புவனாக்காவின் மகனைப் பற்றி அவருக்கும் தெரியும். நாங்கள் யாரும் சொல்லாமலே எப்படியோ தெரியும். "குடாவுக்கு வேண்டியது போதுமான அளவு கிடைத்துவிட்டது" என்றார். பேனையை எடுத்து, உயிருள்ளவை, செத்தவை என்ற இரண்டு நிரலுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைக் கோடு போட்டு, 'திறக்கப்படவில்லை' என்று எழுதி ஒன்று என்று போட்டார். பிறகு கண்ணாடி மூடியை எடுத்து நேராக வைத்து மூடினார்.

அன்றே திருத்திய அறிக்கை போனது. பிழை ஆய்வுகூடத்தின் பிழை, அப்படி ஒழுங்கு செய்தவன் நான் என்று டங்கன் தன் கையெழுத்தில் எழுதினார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பரிசீலித்து முடிக்குமுன் கப்பல் வந்துவிட்டது. அந்த மனிதர் பிறகு ஒருமுறை தொலைபேசி எடுத்தார். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது, கீழே போனால் கையே தெரியவில்லை என்றார். சேறு படிந்ததும் போய்ப் பார்த்திருக்கிறார்; வாய்க்கால் போன இடத்தில் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் கிடந்ததைச் சேறு மூடிவிட்டது. எங்களைக் குறை சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அந்த நன்றியை நான் இன்றைக்கும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

புவனாக்காவை யாரும் வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. கோடை விடுமுறைக்குப் போனவ திரும்ப வரவில்லை. டங்கன் ஓய்வு பெற்று வடக்கே போய்விட்டார். நான் இன்னும் பல வருடம் இருந்து தலைகளை எண்ணினேன்.

இந்தத் தை மாதம் புவனாக்கா செத்துப்போனா. கடைசி ஐப்பசி வரைக்கும் காப்புக் கட்டினவ என்று குலம் அண்ணை சொன்னார். கிழக்கு லண்டனில் சவச்சாலை மண்டபத்தில் நேரம் குறித்துத்தான் இடம் தருவார்கள். அடுத்த செத்தவீட்டுக்காரர் வெளியில் காரில் காத்திருந்தார்கள். ஐயர் அவசரத்தில் இருந்தார். தர்ப்பையை மோதிரமாக முறுக்கியபடி நிமிர்ந்து கேட்டார்.

"கொள்ளி ஆர் வைக்கிறது? மகன் இருக்கிறாரோ, இல்லையோ?"

குலம் அண்ணை முன்னுக்கு வந்தார். பல வருடத்துக்கு முன் கிரியை செய்வோம் என்று கேட்டவர் அவர்தான். 'இல்லை' என்ற ஒரு சொல் அவருக்குச் சொல்லக்கூடிய சொல். அவர் பெட்டிக்குள் கிடந்த மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மண்டபத்தில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"மகன் இன்னும் வரேல்லை ஐயா" என்றேன் நான். "தகப்பன் வைப்பார்."

ஐயர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மேலே ஒன்றும் கேட்காமல், தர்ப்பையைக் குலம் அண்ணையின் விரலில் மாட்டினார்.